தூண்டில் குத்தியும் தெரியாத விரல்

அன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சோற்றுத் தட்டை இடது கையில் வாங்கினேன். தட்டை நீட்டிய என் மனைவி பூங்காவனம் அதை விடாமல் அப்படியே நின்றாள்.

“என்னாங்க, கையில என்னமோ தொங்குது.”

பார்த்தேன். சுண்டுவிரலின் பக்கவாட்டில் ஒரு பூச்சி இருந்தது. காலையில் மீன் தூண்டிலுக்காக நானே கட்டிய பூச்சி. மயிற்பீலி இழை சுற்றிய உடம்பு, செஞ்சேவலின் கழுத்து இறகு, முயல் மயிரில் ஒரு குட்டி வால். அதன் தூண்டில் முள் என் சதைக்குள் முழுதாக இறங்கியிருந்தது. இரத்தம் உள்ளங்கை வரை வழிந்து காய்ந்தும் போயிருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நான் சிரித்தேன். “பழகின கை அப்படித்தான்” என்றேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என்னைப் போல இந்த நோயோடு இருப்பவர்கள், அல்லது இருக்கிறதோ என்று பயந்து சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டு திரிபவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எனக்கு வந்தது தொழுநோய். தோட்டத்தில் அதைப் பெருவியாதி என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எழுந்து போய்விடாதீர்கள். நான் இருந்த இடத்திலேயே இருக்கிறேன்.

இலங்கை மலைநாட்டில், எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) சல்லடை அறையில் எனக்கு வேலை. பூங்காவனம் கொழுந்து எடுப்பவள். லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) கடைசிக் காம்பராவில் (அறையில்) நாங்களும் மூன்று வயது மகளும். நாடு சுதந்திரம் அடைந்து பல வருடமாகியும் எங்கள் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைதான் இருந்தார். அவருக்கு லீவு கிடைத்தால் நுவரெலியாப் பக்கத்துக் குளிர்ந்த ஆறுகளில் ட்ரவுட் மீன் பிடிக்கப் போவார். அந்த மீனுக்கு மண்புழு போட்டால் துரைமாருக்கு மரியாதை இல்லையாம். இறகாலும் மயிராலும் தூண்டில் முள்ளில் கட்டிய பொய்ப் பூச்சியைத்தான் தண்ணீர்மேல் வீசுவார்கள்.

சீமையிலிருந்து வரவேண்டிய பூச்சிகள் ஒருமுறை வரவில்லை. பங்களாவுக்குத் தேயிலைச் சாம்பிள் கொண்டுபோன என்னிடம் துரை பழைய பூச்சி ஒன்றைக் காட்டி, “இதுபோல் செய்ய முடியுமா?” என்று கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் வந்து அதைத் தலையிலிருந்து வால்வரை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து, எது முதலில், எது பிறகு என்று எழுதிவைத்துக்கொண்டு, தலைகீழாக மறுபடி கட்டினேன். முதல் பத்தும் கரப்பான்பூச்சி போல இருந்தன. அதற்குப் பிறகு வந்தது பூச்சி.

அப்போதிருந்து ஓய்வு நேரமெல்லாம் அதுதான். முனியாண்டிக்கு அறுத்த சேவல்களின் கழுத்துத் தோலை லயத்துச் சனங்கள் உப்புத் தடவி என் வீட்டில் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஸ்டோர் ஃபிட்டர் பியதாச, தூண்டில் முள்ளைப் பிடித்துக்கொள்ள எனக்கொரு குட்டி வைஸ் செய்து கொடுத்தான். பட்டு நூலைத் தேன்மெழுகில் இழுத்து, முள்ளில் சுற்றுவேன். அந்த வேலையின் உயிர் நூலின் இழுப்பில் இருக்கிறது. அறுந்துபோவதற்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்த வேண்டும். அதை விரல்தான் சொல்லும்.

கை பழகப் பழக முள் குத்துவது குறைந்தது. குத்தினாலும் வலிப்பதில்லை. இது தொழில் தந்த வரம் என்று நான் நம்பினேன். நம்பியதோடு விட்டேனா? ஒரு தீபாவளிக்கு ஸ்டோர் ஆட்கள் நாலு பேர் சேர்ந்திருந்தபோது, சுண்டுவிரலில் தூண்டில் முள்ளை ஏற்றிக் காட்டினேன். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். சர்க்கஸ்காரன் தோற்றான் போங்கள். பட்டால்தான் தெரியும் என்பார்கள். எனக்குப் பட்டும் தெரியவில்லை.

முதலில் சந்தேகப்பட்டவர் துரைதான், அதுவும் என் உடம்பைப் பற்றி அல்ல. “உன் பூச்சி எல்லாம் தண்ணீரில் அவுந்து போகுது. என்ன வேலை இது?” என்று கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நூலை மாற்றினேன். மெழுகை மாற்றினேன். இறுக்கிச் சுற்றினால் அறுந்தது. அறாமல் சுற்றினால் அவிழ்ந்தது. கொழும்பு நூல் மோசம் என்று நூலைத் திட்டினேன்.

இடது முழங்கைக்குக் கீழே ஒரு வெளிறிய படை இருந்தது. தோட்டத்து டிஸ்பென்சர் அதைத் தேமல் என்று களிம்பு கொடுத்திருந்தார். அரிக்கவில்லை, எரியவில்லை. அதனால் அதை நான் மறந்தே போயிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பியதாசவைக் கூப்பிட்டு முள்ளை எடுக்கச் சொன்னோம். கொளுவி (நுனியருகே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்) உள்ள முள் வந்த வழியே திரும்பாது. அவன் அதை முன்னால் தள்ளி, நுனியைத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து, குறடால் வெட்டி எடுத்தான். வேர்த்தது அவனுக்கு. நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். பூங்காவனம் விரலைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நெசமாவே வலிக்கலையா? பொய் சொல்லாதீங்க.”

“இல்லைன்னு சொல்றேன்ல.”

“அப்ப கண்டிக்குப் போவோம்” என்றாள். வலித்திருந்தால் வெற்றிலைச் சாறு தடவி விட்டிருப்பாள். வலிக்காததால் கண்டிக்குக் கூட்டிப்போனாள். என் உயிரைக் காப்பாற்றிய யோசனை அதுதான்.

வத்தேகம வழியாகப் பஸ். கண்டியில் தோல் வியாதி பார்க்கும் இடத்தில் நீளமான ஒரு நடை. பெஞ்சில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். டாக்டரம்மா சிங்களப் பெண்மணி. தமிழை நிதானமாக, சொல் சொல்லாகப் பேசுவார். என்னைக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சை மெல்லிய திரியாக்கித் தொடப்போவதாகவும், தொட்ட இடத்தை மற்றக் கையால் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். மூடிக்கொண்டு காத்திருந்தேன். தோளில் தொட்டார், காட்டினேன். அதன்பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. வேறு யாரோ கூப்பிட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன். அவர் பஞ்சைக் குப்பைத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். படையிலும் சுண்டுவிரலிலும் மோதிரவிரலிலும் தொட்டு முடித்திருந்தார்.

முழங்கையின் உட்பக்கத்து எலும்புக்குப் பின்னால் விரலை வைத்து உருட்டிப் பார்த்தார். அங்கே ஒரு நரம்பு கயிறுபோல் தடித்திருந்தது.

“கை பழகினதால இல்லைங்களா, டாக்டரம்மா?” என்று கேட்டேன்.

“வேலையால தோல் தடிக்கும். ஆனா தொடுறது தெரியும். உங்களுக்குத் தொடுறதே தெரிய இல்ல” என்றார். பிறகு நோயின் பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டு உடனே, “மருந்து இருக்கு. நீங்க வீட்டிலேயே இருக்கலாம். உங்களுக்கு இருக்கிற வகை மற்றவங்களுக்கு லேசில ஒட்டாது” என்றார்.

முதல் சொல்லுக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. பூங்காவனம்தான் எல்லாவற்றையும் கேட்டு வைத்துக்கொண்டாள்.

மருந்தின் பெயர் டாப்சோன் (தொழுநோய்க் கிருமியை மெல்ல மெல்ல அடக்கும் மாத்திரை). வருடக்கணக்கில் விழுங்க வேண்டும். பூங்காவனத்தையும் மகளையும் கூப்பிட்டு உடம்பு முழுக்கப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. வருடத்துக்கு ஒருதரம் கூட்டி வரச் சொன்னார்கள்.

தோட்டத்தில் செய்தி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. டிஸ்பென்சர் என்னை வாசலிலேயே நிறுத்தி, “ஒன்னய இங்க வச்சுக்க ஏலாது. தீவு ஆஸ்பத்திரிக்கு எழுதணும்” என்றார். தேமல் களிம்பு கொடுத்த அதே மனிதர். அவரை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. லயத்துப் பீலியில் (தண்ணீர்க் குழாயில்) பூங்காவனம் கடைசி ஆளாகத்தான் குடம் வைக்க வேண்டியிருந்தது. சேவல் கழுத்துத் தோல் கொண்டுவருவதும் நின்றது.

அந்த நாட்களில் எனக்கு இருந்த பயம் சாவுப் பயம் இல்லை. தொழுநோயாளிகளை ஒதுக்கி வைக்கும் அந்தத் தீவில் என்னைத் தனியாகக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள், மகள் என்னை மறந்தே வளர்வாள் என்ற பயம். ராத்திரியும் பகலும் அது ஒன்றுதான்.

டாக்டரம்மா துரைக்கு ஒரு கடிதம் கொடுத்திருந்தார். அதோடு, கட்டி முடித்திருந்த பூச்சிகள் இருந்த தகரப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். துரை கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

“நீ போ. வேலை இருக்கும். டாக்டர் சொல்றது கேள்” என்றார்.

பெட்டியை நீட்டினேன். ஓரத்தைப் பிடித்து வாங்கினார். மேசைமேல் வைக்கவில்லை, வராந்தாத் தரையில் வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. என்னைத் துரத்தச் சொல்லி வந்தவர்களிடம் டாக்டரின் காகிதத்தைக் காட்டி வாயடைத்தவரும் அவரே. ஆனால் அந்தப் பெட்டி இரண்டு மாதம் அதே இடத்தில் கிடந்ததாகப் பங்களா சமையல்காரர் சொன்னார். ஒரு மனிதருக்குள் இரண்டும் இருக்கலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மருந்து ஆரம்பித்து மூன்றாம் மாதம் முழங்கை நெருப்பாய் எரிந்தது. மரத்துப்போன கையில் இப்படியும் ஒரு வலி வருமா என்றிருந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் கொஞ்சம் கொஞ்சமாக மடங்கத் தொடங்கின. இதை நரம்பு அழற்சி (கிருமி சாகும்போதும் உடம்பு அதை எதிர்த்து நரம்பை வீங்க வைப்பது) என்றார்கள். மருந்தால்தான் கெட்டது என்று நினைத்துப் பலர் இந்த இடத்தில் மாத்திரையை விட்டுவிடுவார்களாம். தயவுசெய்து விடாதீர்கள். கண்டியில் ஆறு வாரம் படுத்திருந்தேன். கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் போட்டு, விரல்களை நிமிர்த்திப் பலகையில் கட்டி வைத்தார்கள். வீக்கம் வற்றியது. மோதிரவிரல் நிமிர்ந்தது. சுண்டுவிரல் பாதி மடங்கியபடியே நின்றுவிட்டது.

வார்டில் ஒருநாள் டாக்டரம்மா, “அந்தப் பூச்சி எப்படிக் கட்டுறீங்க? காட்டுங்க” என்றார். பூங்காவனம் சாமான்களைக் கொண்டுவந்தாள். நான் கட்டக் கட்ட அவர் பக்கத்தில் நின்று பார்த்தார். நூல் இரண்டு தரம் அறுந்தது.

“இனி இந்தக் கை சொல்றதை நம்ப வேணாம். கண்ணை நம்புங்க” என்றார். “உங்களுக்கு இந்த வியாதியில விரல் போகாது. தெரியாமப் படுற காயத்திலதான் போகும். காயம் அழுகும், எலும்புக்குப் போகும். ஒவ்வொரு நாளும் கையைப் பார்க்கணும். முடியுமா?”

“பாத்துக்குவேன், டாக்டரம்மா” என்றேன்.

“இவரு பாக்க மாட்டாரு. நான் பாக்குறேன்” என்றாள் பூங்காவனம்.

பார்த்தாள். தினமும் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்து, கைகால் கழுவி, வெளிச்சம் போவதற்குள் வாசற்படியில் உட்கார்ந்து என் கையை மடியில் வாங்கிக்கொள்வாள். முன்னும் பின்னும், விரல் விரலாக, நக இடுக்கு வரை. அடுப்பில் பட்ட கொப்புளம், சல்லடைக் கம்பி கீறியது, முள் குத்திய புள்ளி. நான் அறியாத காயங்களை எல்லாம் அவள் எனக்கு அறிவிப்பாள். “இன்னிக்கு ரெண்டு” என்பாள். கழுவித் துணி கட்டுவாள். பிறகு தேங்காயெண்ணெய் தடவி, மடங்கிய விரலை நீவி நிமிர்த்துவாள்.

என் தட்டையும் குவளையையும் தனியாக வைக்கச் சொன்னேன். தேவையில்லை என்று டாக்டரம்மாவே சொல்லியிருந்தார்; ஆனாலும் என் மனம் கேட்கவில்லை. பூங்காவனம் என் குவளையை மற்றக் குவளைகளோடு சேர்த்துக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். எது என்னுடையது என்று எனக்கே தெரியாது. நான் மீதம் வைத்த சோற்றை என் தட்டிலேயே பிசைந்து சாப்பிடுவாள். பயம் என்பதே இல்லாத பிறவி என்று நினைத்துக்கொண்டேன். சில நேரம் அந்தத் தைரியத்தின் மேல் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

பூச்சி கட்டுவதை நான் விடவில்லை. முறையை மாற்றினேன். முள்ளைக் கையால் தொடுவதே இல்லை. சிறு இடுக்கியால் எடுத்து வைஸில் வைப்பேன். நூலின் இழுப்பை விரல் சொல்லாததால், பியதாச யோசித்து நூல்கட்டையில் ஒரு பித்தளை நட்டைக் கட்டித் தொங்கவிட்டான். நட்டின் பாரம் நூலை ஒரே அளவாக இழுத்துப் பிடித்தது. அறவும் இல்லை, அவிழவும் இல்லை. முன்னைவிட நல்ல பூச்சிகள். அவற்றை வேறு தோட்டத்துத் துரைமார் வாங்கினார்கள், பியதாசவின் பூச்சி என்ற பெயரில். என் பெயர் தெரிந்தால் தொடமாட்டார்கள். மீன்களுக்கு அந்தப் பேதம் இருக்கவில்லை.

நாட்கள் இப்படிப் போயின. நோய்க்கு முன்னால் எனக்குக் காலம் என்றால் சம்பள நாள், திருவிழா. பிறகு அது மாத்திரை போத்தல் தீர்வதும் கண்டிக்குப் போவதுமாக ஆயிற்று. அதுவும் பழகி, கடைசியில் ஒரு நாள் என்பது காயமில்லாமல் முடிந்ததா இல்லையா என்பதில் வந்து நின்றது. காயமில்லாத நாள் நல்ல நாள். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்பதில்லை. உடம்பு முன்பு என்னைக் கேட்காமலே தன்னைப் பார்த்துக்கொண்டது. இப்போது இடது கையைக் கைக்குழந்தையைப் போல எங்கே வைத்தேன், எதில் பட்டது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏழு வருடம் கழித்து டாக்டரம்மா பஞ்சையும் ஊசியையும் வைத்துப் பார்த்துவிட்டு, “மாத்திரை போதும். நிறுத்தலாம்” என்றார். படை இருந்த இடத்தில் தொடுவது தெரிந்தது. இரண்டு விரல்களில் உணர்ச்சி வரவில்லை, இனி வராது. ஆனால் பத்து விரலும் இருந்தன. பூங்காவனத்தையும் மகளையும் பார்த்து, இருவருக்கும் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மகள் ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். வத்தேகம தாண்டியதும் பூங்காவனம், “ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே” என்றாள்.

“சொல்லு.”

“வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம ஒங்க பெட்டியிலருந்து ஒரு முள்ள எடுத்து என் வெரல்ல குத்திப் பாப்பேன். பத்து வெரலும். வலிச்சா, இந்த வாரத்துக்கு நமக்கு இல்லன்னு வச்சுக்குவேன். புள்ளைய கண்ண மூடச் சொல்லி எறகால தடவுவேன். எங்க தொட்டேன் சொல்லுன்னு கேப்பேன். அவ வெளையாட்டுன்னு நெனச்சுக்குவா.”

தூங்கும் மகளைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு, “எப்பயாச்சும் வலிக்காம இருந்துச்சா?” என்று கேட்டேன்.

“ஒரு தரம். மார்கழி மழையில நனைஞ்சுகிட்டே கொழுந்து எடுத்துட்டு வந்தேன். குத்துறேன், குத்துறேன், ஒண்ணுமே தெரியல. அடுப்படியில குந்தி கைய சூடு காட்டிக்கிட்டே இருந்தேன். அப்பறம் குத்துனேன். வலிச்சுச்சு. அதுக்கப்பறந்தான் எந்திரிச்சு ஒங்களுக்குச் சோறு போட்டேன்.”

சோறு பிந்தியதற்கு அன்றைக்கு நான் சத்தம் போட்டேனாம். எனக்கு நினைவில்லை.

“இவ்வளவு பயத்த வச்சுக்கிட்டு என் தட்டுல ஏன் சாப்பிட்ட?”

“தட்ட ஒதுக்கியிருந்தா நீங்க மாத்திரைய விட்டுட்டு எங்கயாவது போயிருப்பீங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அது உண்மை. போயிருப்பேன்.

அன்று வீட்டுக்கு வந்து, வெளிச்சம் இருக்கும்போதே வாசற்படியில் உட்கார்ந்தோம். அவள் வழக்கம்போல் என் கைக்குக் கை நீட்டினாள். நான் அவளுடைய கையை என் மடியில் வாங்கினேன். கொழுந்துக் கறை ஏறி விரல்கள் எல்லாம் கறுத்து வெடித்திருந்தன. எது கறை, எது வெடிப்பு, எது என் முள் குத்திய புள்ளி என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. வலது கையால் ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தேன். அழுகையை அடக்க முடியவில்லை, அடக்கவும் இல்லை.

இந்த நோயோடு இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். வலிக்காத இடத்தை நம்பாதீர்கள். மாத்திரையை விடாதீர்கள். தினமும் வெளிச்சத்தில் கையையும் காலையும் பாருங்கள். பார்த்து முடித்த பிறகு, பக்கத்தில் இருப்பவரின் கையையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். நான் ஏழு வருடம் கேட்கவில்லை.